முப்பது முட்டை, எழுபது வளைவு

பிப்ரவரி 1

இந்த டைரியைக் கொடுத்தது டயர் கடைக்காரர். பக்கத்துக்குப் பக்கம் ஒரு டயர் படம் இருக்கிறது. எனக்கு டைரி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. நாமக்கல்லில் இருபத்தெட்டு வருடமாக எடைமேடை நடத்துகிறேன். நான் எழுதியதெல்லாம் லாரிகளின் எடைச் சீட்டுதான். ஆனால் இந்த மாதம் நடப்பதை முறைப்படி குறித்து வைக்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். என் மகள் தாரணிக்கு ஏழாம் மாதம் நடக்கப் போகிறது. கட்டிக் கொடுத்த இடம் கொல்லிமலை, செம்மேடு. மிளகுத் தோட்டக்காரர்கள், நல்ல குடும்பம். மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. டாக்டர் அவளைக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், வளைகாப்பு மேலேயே, 27ஆம் தேதி. அம்மா வீட்டிலிருந்து ஏழு வகைக் கட்டுச்சோறும் வளையலும் போக வேண்டும். கூடவே அம்மாவும் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். என் மனைவி சாரதாமணிக்குக் கார், பஸ், வேன் எதுவும் ஆகாது. ஏறிய கால் மணி நேரத்தில் வாந்தி. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். மாத்திரை போட்டால் மறுநாள் வரை தூங்குவாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மகள்தான் கீழே வந்து போனாளே தவிர, மகள் வீட்டு வாசலை இவள் பார்த்ததில்லை.

அதனால்தான் இந்தக் கார். சிறிய வகை சொகுசு எஸ்யூவி. “உள்ளே உட்கார்ந்தா தொட்டில் மாதிரி இருக்கும் சார்” என்றார் ஷோரூம் ஜெனிபர் அம்மா. உடனே எடுத்துவிட்டேன்.

இன்று கோயில் வாசலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். ஐந்தாவதை சாரதா எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பயணத்தில் முகர்ந்து பார்க்க.

ஜெனிபர் அம்மா ஒரு திருகியைக் காட்டிப் பாடம் எடுத்தார். கம்ஃபர்ட் என்று ஒன்று, ஸ்போர்ட் என்று ஒன்று. “ஸ்போர்ட்ல போட்டா ஸ்டீயரிங் இறுகும் சார். சஸ்பென்ஷன் இறுகும். காலை வச்ச உடனே பாயும், கியர் சீக்கிரமா மேல மாறாது. மீட்டர் செகப்பாயிடும். வளைவுல வண்டி சாயாம நிக்கும். கடைசியா எதுல விட்டீங்களோ, மறுபடி எடுக்கறப்பவும் அதுலயே இருக்கும்.”

அறுபத்தொரு வயதில் எனக்கு எதற்கு ஸ்போர்ட்? அதைத் தொடுவதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டாள் சாரதா. தாரணியின் பழைய சின்னக் காரை அவள்தான் சந்தைக்கு எடுத்துப் போவாள், லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து போனால் நான்தான் ஓட்டுவேன். டயரில் காற்று 33 இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 3

முதல் ஒத்திகை. கம்ஃபர்ட் மோடு. சேந்தமங்கலம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். பூப்போல ஓட்டினேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை, அவ்வளவு ஜாக்கிரதை. வண்டி நிஜமாகவே தொட்டில் மாதிரி ஆடி ஆடிப் போனது.

பாதி வழியில் சாரதா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஜன்னலை இறக்கினாள்.

பிப்ரவரி 4

காரைக் கழுவினேன். உள்ளே.

பிப்ரவரி 6

இன்று ஒரு தொழில்நுட்பச் சோதனைக்காக மட்டும், மோகனூர் ரோட்டில் ஆளில்லாத இடத்தில், ஸ்போர்ட் மோடைப் போட்டுப் பார்த்தேன். இருப்பது என்னவென்று தெரியாமல் ஒதுக்குவது முறையல்ல.

மீட்டர் சிவந்தது. இஞ்சின் குரல் மாறியது. எங்கள் சம்பந்தி தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பாரே, அந்த மாதிரி. ஸ்டீயரிங் கையில் கனத்தது. காலைச் சும்மா வைத்ததுதான் தெரியும், முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் போன தீவன லாரி இப்போது பின்னால் இருந்தது. அந்த லாரியை இருபது வருடமாக நான் எடை போடுகிறேன், முந்தியது இதுதான் முதல் தடவை.

முடிவு: தேவையில்லாத வசதி. மோகனூரில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பிப்ரவரி 7

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. மறுபடி மோகனூர். இளநீர்.

பிப்ரவரி 8

இளநீர் உடம்புக்கு நல்லது.

பிப்ரவரி 9

ஒரு சந்தேகம் இரண்டு நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. ஸ்போர்ட்டில் போட்டால் வண்டி கனக்கிறது. ஸ்டீயரிங் கனக்கிறது, ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது. அப்படியானால் எடை கூடுகிறதா? மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகலாம். என்னிடம் அறுபது டன் மேடை இருக்கிறது.

ஏற்றினேன். கம்ஃபர்ட்டில் 1780 கிலோ, என்னையும் சேர்த்து. ஸ்போர்ட்டைத் திருகினேன். 1780. மீட்டர் சிவந்ததும் எட்டிப் பார்த்தேன். 1780. ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டேன். அப்போதும் 1780.

பின்னால் மக்காச்சோள லாரி காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்தார். “ஏனுங்ணா, லோடு எங்கீங்ணா?”

“லோடு இல்லப்பா. மோடு மாத்திப் பாக்கறேன்.”

அவர் கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்தார். “அப்படியே என்ற லாரியவும் ஏதாச்சும் மோடுல போட்டு ரெண்டு டன் கொறச்சு எழுதிக் குடுங்ணா” என்றார். இந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்கு மரியாதை கிடையாது.

பிப்ரவரி 11

சாரதாவை வைத்தே திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பது பாவம். அதனால் அவளுக்குப் பதிலாக முட்டை.

ஒரு அட்டை, முப்பது முட்டை. பக்கத்து சீட்டில், அவள் உட்காரும் இடத்தில், பெல்ட் போட்டு வைத்தேன். சேந்தமங்கலம் வரை ஒன்பது வேகத்தடை. கம்ஃபர்ட்டில் போய்த் திரும்பினேன்: முப்பதும் பத்திரம். அதே முப்பதை ஸ்போர்ட்டில் எடுத்துப் போனேன். வேகத்தடை ஒவ்வொன்றும் இடுப்பில் இடித்தது. பதினோரு முட்டை உடைந்துவிட்டது.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சாரதாவுக்கு கம்ஃபர்ட்தான். ஜெனிபர் அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். “சார், முட்டை மேடு பள்ளத்துலதான் உடையும். மனுஷங்களுக்கு வளைவுல வண்டி சாயறதுலதான் குமட்டும். அதுக்கு ஸ்போர்ட்தான் நல்லது சார்” என்றார். பாவம், திருச்சிக்காரர். நாமக்கல்காரனிடம் முட்டையைப் பற்றிப் பேசுகிறார்.

சாரதாவிடம் முடிவைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் முட்டையாங்க?” என்றாள்.

பிப்ரவரி 12

மூன்று வேளையும் ஆம்லெட்.

பிப்ரவரி 14

விசித்திரம். நேற்று மாலை வண்டியை கம்ஃபர்ட்டில்தான் விட்டேன். (ஏறக்குறைய நிச்சயம்.) இன்று மாலை எடைமேடையிலிருந்து வந்து எடுத்தால் மீட்டர் சிவப்பாக இருக்கிறது. சீட் முன்னால் நகர்ந்து, என் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட் அளவை நினைவில் வைக்க இரண்டு பொத்தான் உண்டு. ஒன்றாம் எண்ணில் என் அளவை வைத்திருந்தேன். இரண்டில் நான் எதுவும் வைக்கவில்லை. அழுத்திப் பார்த்தேன். சீட் தானாக முன்னால் போய், உயர்ந்து, ஐந்தடி உயர ஆளுக்கு ஏற்ற மாதிரி நின்றது.

ஓடிய தூரமும் அறுபத்தெட்டு கிலோமீட்டர் அதிகமாகக் காட்டுகிறது. புது மீட்டர், இன்னும் பழகவில்லை.

கதவுப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. டிரைவர் பக்கக் கதவு. கீறல் இல்லை.

ஜெனிபர் அம்மாவுக்குப் போன் செய்தேன். “வண்டி தானா மாறாது சார். வீட்ல வேற யாராச்சும் எடுக்கறாங்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும் மட்டும்தான். ஆகவே யாருமில்லை.

சாரதாவிடம் நேரடியாக விசாரித்திருப்பேன். ஆனால் ஸ்போர்ட் பற்றிப் பேச்செடுத்தால் மோகனூர் இளநீர் வரைக்கும் போகும்.

பிப்ரவரி 17

தாரணி போன் செய்தாள். “அப்பா, அம்மா நெசமா வந்துருவாங்களாப்பா? அத்தை பாவம், நானே வளையல் போட்டுட்டாப் போவுதுங்கறாங்க. எனக்கு அம்மாதான் மொதல்ல போடோணும்” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. நான் “வந்தர்றோம் கண்ணு, அப்பா கூட்டியாந்தர்றேன்” என்றேன். போனை வைத்த பிறகு எடை போட வந்த இரண்டு லாரிகளின் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் முன்பு, கல்யாணமான புதிதில், ஒரு வாடகை அம்பாசிடரில் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். ஒன்பதாவது வளைவில் சாரதா வாந்தி எடுத்தாள். நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். வீடு வரும் வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தொன்பது கிலோ எலுமிச்சை வாங்கிக் கொடுத்தாலும் அது தீராது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

பிப்ரவரி 21

எடைமேடைப் பின்புறத்தில் தார் டிரம்களை வரிசையாக வைத்து, வளைவு மாதிரி செய்து ஓட்டிப் பழகினேன். கம்ஃபர்ட்டில் வண்டி ஒவ்வொரு டிரம்முக்கும் இடமும் வலமும் சாய்ந்தது, சாயும்போதெல்லாம் பிரேக் போட்டுச் சரி செய்தேன். ஐந்தாவது சுற்றில் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வெயில்.

மீட்டர் இன்று நூறு கிலோமீட்டர் அதிகம் காட்டியது. சக்கரத்தில் செம்மண், கண்ணாடியில் ஒரு மிளகுக் கொடி இலை. காற்றில் வந்திருக்கும்.

பிப்ரவரி 23

சாரதா ஸ்கூட்டரில் ராசிபுரம் போய் வளையல் வாங்கி வந்தாள். போக வர ஐம்பது கிலோமீட்டர். வந்ததும் இரண்டு தோசை கேட்டாள். தான் ஓட்டும் வண்டியில் இவளுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இதை ஒருநாள் ஆராய வேண்டும்.

டயரில் காற்று 33.

பிப்ரவரி 26

நாளை. வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசம். எலுமிச்சை, புளி, தேங்காய், எள், தக்காளி, மல்லி, தயிர் என்று ஏழு சோறும் ஏழு தூக்கில். புளிச்சோற்றுக்கு நான் வெல்லம் நுணுக்கிக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டேன் என்று திட்டு வாங்கினேன்.

“ஏனுங்க,” என்றாள் சாரதா, தூக்கை மூடிக்கொண்டே. “நாளைக்கு நான் ஓட்டட்டுங்களா?”

மகள் வீட்டு வாசலில், சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாம் பார்க்க, நான் இடது பக்கம் இறங்குவதா? “நீ நிம்மதியா உக்காந்து வா சாரதா, முட்டை மாதிரி கூட்டிப் போறேன்” என்றேன். அவள் தயிர்ச்சோற்றில் மாதுளை போட்டாள்.

பிப்ரவரி 27

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கம்ஃபர்ட். காரவள்ளி வரை நேர் ரோடு. அதிலேயே அவள் முகம் கொஞ்சம் வெளுத்தது. அடிவாரம் தாண்டியதும் முதல் வளைவு. வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். நான் சத்தமாக எண்ணிக்கொண்டே போனேன், அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று. மூன்றாவது வரை மடியில் வளையல் பெட்டி கிலுகிலுவென்றது. ஐந்தாவதில் அந்தச் சத்தம் நின்றது. பெட்டியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். வண்டி சாய்ந்தது, பிரேக் போட்டேன், கியர் மாறலாமா வேண்டாமா என்று யோசித்தது, மறுபடி சாய்ந்தது. ஏழாவதில் எலுமிச்சையைக் கீறினாள்.

“ஏனுங்க, நிறுத்துங்க.”

நிறுத்தினேன். பலகையைப் பார்த்தேன். ஒன்பது.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். கண்ணெல்லாம் நீர். “தாரணி எட்டு மணிக்கே குளிச்சுப் பொடவை கட்டி உக்காந்திருப்பாளுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.  அன்றைக்குப் போல வண்டியைத் திருப்பிவிடுவேனோ என்று அவள் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

சாவியை நீட்டினேன்.

“நீயே ஓட்டு சாரதா.”

அவள் முகம் கழுவினாள். டிரைவர் சீட்டில் ஏறினாள். என்னைக் கேட்காமலே இரண்டாம் எண் பொத்தானை அழுத்தினாள். சீட் முன்னால் போனது, உயர்ந்தது. அடுத்து, பார்க்காமலே, கை போன போக்கில் ஸ்போர்ட்டைத் திருகினாள். மீட்டர் சிவந்தது.

“சாரதா.”

“என்னங்க.”

“மீட்டர் அறுபத்தெட்டு கிலோமீட்டர்…”

“மொத நாளு இந்த ஒம்பது வளைவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டனுங்க. ரெண்டாந் தரம் முப்பத்தஞ்சு. ஸ்போர்ட்டுல போட்டா வண்டி ஆடறதேயில்லீங்க. வளைவுல அப்படியே நிக்குது. அந்த ஷோரூம் அம்மாதான் போன்ல சொல்லிக் குடுத்தாங்க.”

“மீதி முப்பத்தஞ்சு ஏன் போகல?”

“நான் மட்டும் போயி நின்னா, அப்பா எங்கேம்மான்னு தாரணி கேப்பாளில்லீங்க.”

“அப்ப இன்னைக்கு ஏன் என்னை ஓட்ட உட்ட?”

அவள் கண்ணாடியைச் சரி செய்தாள். “முட்டையெல்லாம் வெச்சுப் பாத்தீங்க. எனக்கு மனசு கேக்கலீங்க.”

 அதற்குள், நான் தண்ணீர் எடுக்கத் திறந்து மூடாமல் விட்ட பின்கதவு வழியாக ஒரு குரங்கு எள்ளுச்சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடியது. மீதி ஆறு. வளைகாப்புக்கு இரட்டைப்படை ஆகாது என்று சாரதா தக்காளிச்சோற்றையும் அதனிடமே கொடுத்துவிட்டாள். இப்போது ஐந்து.

கிளம்பினோம். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, இத்தனை நாளாக நான் ஸ்போர்ட்டில் இளநீர் மட்டும்தான் குடித்திருக்கிறேன் என்று. அவள் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஒரே திருப்பாகத் திருப்பி, வெளியே வரும்போது காலை வைத்தாள். கியர் குழம்பவே இல்லை, ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொண்டு ஏறியது. வண்டி சாயவில்லை. அவள் மடியில் இருந்த வளையல் பெட்டியை இப்போது நான் வைத்திருந்தேன். அவள் மெதுவாகப் பாட்டு முணுமுணுத்தாள். காரில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

முப்பத்தொன்றாவது வளைவில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. முப்பத்தெட்டில் ஜன்னலை இறக்கினேன். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் ரோடு எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. திரும்பிய பிறகுதான் தெரிகிறது. முப்பத்தொரு வருடம் இவள் இப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

“இந்தாங்க” என்று ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கதவுப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். “நகத்துல கீறிட்டு மோந்து பாருங்க. தூரமாப் பாருங்க, கீழ பாக்காதீங்க.”

எழுபது வரை எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து எண்ணினேன்.

செம்மேட்டில் வாசலில் கூட்டம். தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். வலது பக்கக் கதவைத் திறந்து அம்மா இறங்குவதைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் இடது பக்கம் இறங்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா மட்டும் பார்த்துவிட்டு, “அண்ணனுக்கு ஒரு சேரும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸும் கொண்டாங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து கிடந்தேன். தாரணி வந்து என் நெற்றியில் கை வைத்தாள். “ஏனுங்கப்பா, வளைகாப்பு உங்களுக்கா எனக்கா?” என்றாள்.

முதல் வளையல் சாரதாதான் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும்தான் கண்ணைத் திறந்தேன்.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கீழே இறங்கி ஒன்பதாவது வளைவுக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எள்ளுச்சோற்றுத் தூக்கு காலியாகச் சுவர்மேல் கிடந்தது. போய் எடுத்து வந்தாள்.

“இங்கதானுங்க” என்றாள். “அன்னைக்கு இங்க இருந்து வூடு வரைக்கும் நீங்க எங்கிட்டப் பேசல.”

ஞாபகம் வைத்திருக்கிறாள். முப்பத்தொரு வருடம்.  பத்து நாளாக மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சாரதா, அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு. என்னை மன்னி…”

அதற்கு மேல் முடியவில்லை. கதவைத் திறக்க ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

அவள் சுற்றி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பியபோது, “உடுங்க, நான் பாக்காததா” என்றாள். வீடு வரும் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 28

ஒன்றாம் எண் பொத்தானில் சாரதாவின் சீட் அளவை வைத்தேன். எனக்கு இரண்டு போதும்.

காரைக் கழுவினேன். உள்ளே. இடது பக்கம்.